பெட்டிக்கு ஒரு மஞ்சள் பை

"ஒண்ணு கேட்டுக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"எம்பட வேலை ஒரு இடத்துல உக்காந்து பாக்கற வேலை இல்லைங்க. பம்பு எங்க போகுதோ, பின்னாலயே நானும் போகோணும். மாட்டி, ஓட்டிக் காட்டிப்போட்டுத்தான் திரும்புவேன். சூடான், தான்சானியான்னு எங்க வேணும்னாலும் இருக்கும். போகாதீங்கன்னு மட்டும் நீங்க என்னைக்கும் சொல்லப்படாதுங்க."

"ஏனுங்க, இதுக்கு முன்னாடி யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா?"

"எங்கம்மா. எங்கப்பாகிட்ட. அழுது அழுதே அவரைச் சூலூரைத் தாண்ட விடலை."

"சரிங்க, சொல்லலை. வராதீங்கன்னு வேணும்னா சொல்லிக்கலாமுங்களா?"

கிருபாசங்கர் அன்று சிரித்த சிரிப்பில், எண்ணெய் மில் களத்தில் காயப்போட்டிருந்த தேங்காய்ப் பருப்பைக் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. காங்கேயத்தில் லோகப்பிரியாவின் அப்பாவுடைய மில் அது. பெண் பார்க்க வந்த இடத்தில், இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் விட்ட சில நிமிடங்களில் அவன் அவளிடம் கேட்டது இந்த ஒன்றுதான். அவளும் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

நான்கு வருடங்களாக அந்த வாக்கை அவள் மீறவில்லை. சூடானுக்குப் போனபோது பருப்புப் பொடி இடித்துக் கட்டிக் கொடுத்தாள். உகாண்டாவிலிருந்து மலேரியாவோடு எலும்பும் தோலுமாகத் திரும்பியபோதுகூட, "அடுத்த தடவை கொசுவலை எடுத்துக்குங்க" என்றுதான் சொன்னாள்.

இப்போது ஈராக். அதிலும் பாஸ்ரா.

போன வாரம் நாலு ராத்திரி அந்த நாட்டின்மேல் அமெரிக்கக் குண்டு விழுந்ததைப் பீளமேட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பச்சை நிற இருட்டில் வெளிச்சக் கோடுகள் ஏறி இறங்கின. "தீவாளியாட்டக் காட்டறான் பாரு" என்று ஆரம்பித்த மாமனார் பாலுசாமி, மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், வீட்டுக்கு மேலே தாழ்வாக இறங்கும் விமானச் சத்தம் அவளுக்குப் பழகிப் போன ஒன்று. அந்த வாரம் பழக்கம் உதவவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை பக்கத்தில் படுத்திருந்தவனின் பனியனைப் பிடித்தது. அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

குண்டுவீச்சு நின்றுவிட்டது என்று செய்தி வந்த காலையில், பல் துலக்கிக்கொண்டே சொன்னான். "தை பொறந்ததும் கெளம்பிரலாம்னு இருக்கறேன். அதுக்குள்ள கப்பல் போய்ச் சேந்துரும்."

"சரிங்க" என்றாள் லோகப்பிரியா.

அவளுக்கு வேறு ஒரு வேதனையும் இருந்தது. அவன் போகிற பாதையைத் திறந்து வைத்ததே அவள்தான்.

கோயமுத்தூர் சட்டக் கல்லூரியில் அவள் படித்தபோது சர்வதேசச் சட்டம் என்று ஒரு தாள் இருந்தது. இதைப் படித்து எந்தக் கோர்ட்டில் வாதாடப் போகிறோம் என்று வகுப்பே சிரித்தது. கல்யாணமாகி மாமனாரின் பம்பு கம்பெனியில் ஏற்றுமதி வேலைகளைப் பார்க்க உட்கார்ந்த பிறகு, அந்தத் தாள் ஒன்றுதான் அவளுக்கு உதவியது. குவைத் போருக்குப் பிறகு ஈராக்குக்கு யாரும் நினைத்ததை விற்க முடியாது. உணவு, மருந்து, குடிநீருக்கு வேண்டியவை என்று எதை அனுப்புவதானாலும், நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகளின் குழு ஒவ்வொரு பொருளாகப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். குழுவில் ஒரே ஒரு நாடு சந்தேகப்பட்டாலும் போதும், விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும்.

பாஸ்ராவின் குடிநீர் நிலையங்களுக்குப் பம்பு வேண்டும் என்ற ஆர்டரைக் கொண்டுவந்தவர் கோட்டைமேட்டு முஸ்தபா. பாலுசாமியின் பம்புகளை இருபது வருடமாக வெளிநாடுகளுக்கு விற்றுத் தருகிறவர். அவர் பெயரில் போன முதல் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. காரணம் ஒரு கயிறு. பம்பின் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றுகிற கறுப்புக் கயிறு. அதில் கிராஃபைட் பூசியிருந்தது. கிராஃபைட் ஆயுதம் செய்யவும் ஆகும் என்று ஒரு நாடு தடுத்துவிட்டது.

"பென்சிலுக்குள்ள இருக்கறதும் அதுதானுங்களே" என்று கிருபாசங்கர் சிரித்தான்.

"பென்சிலைக்கூட யோசிச்சுத்தான் விடறாங்களாம் தம்பி" என்றார் முஸ்தபா.

கறுப்புக் கயிற்றுக்குப் பதிலாக வெள்ளை டெஃப்லான் கயிறு என்று பட்டியலை மாற்றி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, மறுபடி மறுபடி அனுப்பி ஒப்புதலை வாங்கியது லோகப்பிரியாதான். ஒப்புதல் வந்த அன்று கம்பெனியில் எல்லோருக்கும் ஜிலேபி. அவளும் ஒன்று தின்றாள். அப்போது குண்டு விழவில்லை.

பெட்டிகளைக் கண்டெய்னரில் ஏற்றும் நாள் வந்தது. கலால் துறை இன்ஸ்பெக்டர் நாலு மணிக்கு வந்து சரக்கைப் பார்த்துச் சீல் வைப்பார். வைத்துவிட்டால் பாஸ்ராவுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஐ.நா. ஆய்வாளர்கள்தான் அதை உடைப்பார்கள். பட்டியலில் இல்லாத ஒரு ஆணி இருந்தாலும் மொத்தச் சரக்கும் அங்கேயே நின்றுவிடும். கம்பெனியின் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். அனுப்பியவர் மேல் வழக்கும் வரலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லோகப்பிரியா பெட்டிகளைச் சரிபார்க்கப் போனாள். மரப்பெட்டிகள் ஷெட்டில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின்மேலும் முஸ்தபாவின் கம்பெனிப் பெயர் நீல மையில் அச்சுக் குத்தியிருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெட்டியின் மூடியில், அந்தப் பெயருக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. வெளிச்சத்தில் ஈயம் போல மின்னியது.

கிருபாசங்கரின் சட்டைக் கைகளில் நான்கு வருடமாகச் சோப்பை வெறுப்பேற்றுகிற கிராஃபைட் கறை அது. மை இல்லை, கிரீஸ் இல்லை. வெள்ளைக் கயிறு இப்படி ஒட்டாது.

பேக்கிங் பார்க்கும் ஐயாசாமி பக்கத்தில் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயாசாமியண்ணா, இந்தப் பொட்டிகள்ல கறுப்புக் கயிறு எதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"அது வெக்காம இருப்பனுங்களா அம்மிணி? பொட்டிக்கு ஒண்ணு போட்டுட்டனுங்க. மொதலாளி காலைல வந்து கேட்டுட்டே போனாருங்க."

"பட்டியல்ல இல்லீங்களே."

"பட்டியல்ல இருக்கறது பூராவும் இருக்குதுங்க. இது கொசுறுங்க."

அவர் மிச்சமிருந்த ஒரு மஞ்சள் துணிப் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே கறுப்புக் கயிறு ஒரு சுருள், ஒரு பொட்டலம் மஞ்சள், ஒரு பொட்டலம் குங்குமம். பாலுசாமி முதல் பம்பைக் காங்கேயத்து விவசாயி ஒருவருக்கு விற்ற நாளிலிருந்து இந்த வழக்கம். இந்தக் கம்பெனியிலிருந்து போகும் எந்தப் பம்பும் வெறும் கையோடு போனதில்லை. லோகப்பிரியா இது தெரிந்தவள்தான். சூடானுக்குப் போன பெட்டிகளில் அவளே பை வைத்திருக்கிறாள். பட்டியலைத் திருத்தத் திருத்த, இந்தப் பை அவள் நினைவுக்கே வரவில்லை.

"செரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அலுவலக அறைக்குத் திரும்பினாள்.

நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலை எடுத்துப் பிரித்தாள். எழுந்து போய்ச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவள் எழவில்லை.

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? பெட்டிகள் கடல் தாண்டிப் போகும். அந்தக் கரையில் யாரோ ஒருவர் ஆணியைப் பிடுங்குவார். மஞ்சள் பை வெளியே வரும். சரக்கு நின்றுவிடும். பம்பு இறங்காத ஊருக்குப் பம்பு மாட்ட யாரும் போக மாட்டார்கள். கிருபாசங்கர் பீளமேட்டு வீட்டுக் கூடத்தில், பனியனோடு உட்கார்ந்து காபி குடிப்பான். அவள் கொடுத்த வாக்கும் கெடாது. போகாதீங்க என்று அவள் சொல்லவே வேண்டாம்.

கண்ணாடி ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். பெட்டியைத் தூக்கும் ஆட்களோடு ஏதோ சொல்லிச் சிரித்தபடி ஒரு முனையைத் தானும் பிடித்துத் தூக்கினான். முதல் வரிசை கண்டெய்னருக்குள் போனது.

மூன்றரை மணிக்கு முஸ்தபா வந்தார். நோன்பு தொடங்கி சில நாட்களே ஆகியிருந்தன. காய்ந்த உதட்டோடு, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். காபி கொண்டுவந்த பெண்ணிடம், "எனக்கு வேண்டாம் தாயி, அண்ணனுக்கு ரெண்டாக் குடு" என்றார்.

"ஏனுங்க பாய், ஒரு மாசத்துக்கு உங்க காபியையும் நானே குடிச்சா எம்பட சக்கரை என்னாகறது?" என்றார் பாலுசாமி.

"எனக்குப் புண்ணியம், உங்களுக்குச் சக்கரை. சரியாப் போச்சுங்கண்ணா."

சிரிப்பு அடங்கியதும் முஸ்தபா லோகப்பிரியாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, தம்பியப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. ஜோர்டான்ல அம்மான் நகரம் வரைக்கும் நானே கூடப் போறேன். அங்கிருந்து ரோட்டு வழி. நல்ல டிரைவரா நானே பார்த்து ஏத்தி விடறேன்."

"சரிங்க பாய்."

"இந்தச் சரக்கு நல்லபடியாப் போய்ச் சேரட்டும்மா." அவர் குரல் தணிந்தது. "பிப்ரவரிக்கு அப்பறம் என் பேரு எழுதின பொட்டி எங்க போனாலும் பிரிச்சுக் கொட்டித்தான் பாக்கறாங்க. தேங்காய்ச் சிப்பம் அனுப்பினாலும் அப்படித்தான். இந்த ஊர்ல பொறந்து அம்பது வருஷமாச்சு. இது ஒண்ணாச்சும் ஒரு பேச்சும் வராமப் போச்சுன்னா, எனக்கே கொஞ்சம் மூச்சு வரும்."

அந்த வருடம் பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டு வெடித்ததும், அதற்குப் பிறகு முஸ்லிம்கள் மிகுந்த கோட்டைமேட்டின் வாசலில் போலீஸ் உட்கார்ந்திருந்ததும், முஸ்தபாவின் கடை இரண்டு மாதம் திறக்காமல் கிடந்ததும் லோகப்பிரியாவுக்குத் தெரியும். அவர் கடையை மறுபடி திறந்த அன்று பாலுசாமி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார்.

அவளுக்கு அந்த நீல மை பெயர் கண்ணுக்குள் வந்தது. அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டைவிரல். கடலுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பை திறக்கப்பட்டால், முதலில் பாலுசாமியின் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். கோட்டைமேட்டுக்காரன், ஈராக்குக்கு, ஆயுதத்துக்கு ஆகிற பொருளை ஒளித்து அனுப்பினான் என்றுதான் செய்தி வரும். கொசுறு என்று எந்த மொழியில் சொல்லிப் புரிய வைப்பார் இவர்?

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

லோகப்பிரியா எழுந்தாள். "மாமா, லோடை நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மிணி?"

"பொட்டிக்குள்ள கிராஃபைட் கயிறு இருக்குதுங்க. எல்லாப் பொட்டியிலயும்."

முஸ்தபா நாற்காலியின் கையைப் பிடித்தார். பிறகு அவர் மெல்ல உட்கார்ந்தார்.

பாலுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "அது நான் போடச் சொன்னதுதான் கண்ணு. அதுக்கென்ன இப்ப? பம்புல வெள்ளைக் கயிறுதான் மாட்டியிருக்குது, நீ சொன்னபடியே. இது சும்மா குடுக்கறது. விக்கறதுக்குத்தான் கணக்கு. குடுக்கறதுக்கு எந்த ஊர்லயாச்சும் கணக்குக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க மாமா. அங்க கேப்பாங்க."

"குண்டு போட்டு நாசம் பண்ணிக் கெடக்கற ஊரு. நாளைக்கு ஒரு கயிறு தேஞ்சு போச்சுன்னா அந்தச் சனம் எங்க போயி வாங்கும்? ஒழுகற பம்ப வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? அதை நெனச்சுத்தான் ஒவ்வொண்ணுலயும் கூட அரை முழம் வெக்கச் சொன்னேன்."

அவள் படித்த தாளில் இந்தக் கேள்வி இல்லை. "நீங்க சொல்றது சரிதானுங்க மாமா. ஆனா அது பாய் தலைமேல வந்து விழுகும்."

பாலுசாமி முஸ்தபாவைப் பார்த்தார். முஸ்தபா உள்ளங்கையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டார். அது போதுமாக இருந்தது. பாலுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டேய் கிருபா, பொட்டியெல்லாம் கீழ எறக்கு" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினார்.

இன்ஸ்பெக்டரிடம் கிருபாசங்கர் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நான் எதையும் பாக்கலை. ஆறு மணிக்குள்ள முடிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா இந்தக் கப்பல் உங்களுக்கு இல்லை. அடுத்த தேதிக்கு நீங்க மறுபடி எழுதிப் போட வேண்டியதுதான்." அடுத்த தேதிக்குள் ஒப்புதலின் கெடு முடிந்துவிடும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கடப்பாரையை ஆணிக்கு அடியில் கொடுத்து நெம்பும் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. ஒரு பெட்டியின் மூடி பிளந்துபோய் வேறு பலகை அறுக்க வேண்டி வந்தது. ஐயாசாமியின் சுத்தியல் அவர் விரலிலேயே விழுந்தது. "நானே மொதல்ல கேட்டிருக்கோணுமுங்க" என்று அவர் முனகிக்கொண்டே இருந்தார். நோன்பு வாயோடு முஸ்தபாவும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பெட்டியைப் பிடித்தார். "பாய், நீங்க உக்காருங்க" என்றான் கிருபாசங்கர். "என் பேருதானே தம்பி மேல இருக்குது" என்றார் அவர்.

லோகப்பிரியா ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, வைக்கோலை விலக்கி, மஞ்சள் பையை எடுத்து எறிந்தாள். பம்பின் பச்சைப் பெயின்ட் கண்ணில் பட்டபோதெல்லாம் ஒரு எண்ணம் வந்து போனது. இதில் ஒரு பையை மட்டும் எடுக்காமல் விட்டால் போதும். யாருக்கும் தெரியாது. அவள் எடுத்தாள். அடுத்த பெட்டிக்குப் போனாள். அதிலும் எடுத்தாள்.

கடைசி மூடியில் ஆணி இறங்கியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் இஷ்டத்துக்கு ஐந்தாறு பெட்டிகளைக் காட்டிப் பிரிக்கச் சொன்னார். வைக்கோலுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கண்டெய்னர் கதவு மூடியது. ஈயச் சீல் கடித்துக்கொண்டது. பாலுசாமி டிரெய்லர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு அவிநாசி ரோட்டுப் பக்கம் திரும்பியது.

முஸ்தபா பம்பு ஓட்டிப் பார்க்கும் தொட்டிக் குழாயில் வாய் கொப்பளித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நோன்பு திறந்தார். போகும்போது லோகப்பிரியாவின் முன்னால் நின்றார். கையை நெஞ்சில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

ஷெட் மூலையில் மஞ்சள் பைகள் குவிந்து கிடந்தன. பாலுசாமி அதன் பக்கத்தில் நின்றார். "இத்தனை வருசத்துல வெறுங்கையோட அனுப்பினது இதுதான் மொதத் தடவை" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

கிருபாசங்கர் தொட்டிக் கரையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு போகவில்லை. லோகப்பிரியா மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கையும் அப்படித்தான் இருந்தது.

"நல்ல வேளை அம்மிணி. நீ பாக்கலைன்னா பாயோட கதை முடிஞ்சிருக்கும்" என்றான். "எப்பப் பாத்தே?"

"மத்தியானம். சாப்பாட்டுக்கு அப்பறம்."

துணி நின்றது. "மத்தியானமா? லோடு பாதி ஏறின பொறகுதானே வந்து சொன்னே?"

"ஆமாங்க."

"அத்தனை நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?"

"ஆபீஸ்ல உக்காந்துட்டிருந்தனுங்க. சொல்லலாமா வேண்டாமான்னு."

அவன் அவளைப் பார்த்தான். சிரிக்கவா என்று தெரியாத முகம். "வேண்டாம்னா... எதுக்கு?"

"அந்தப் பை அங்க போயிருந்தா, சரக்கு நின்னிருக்கும். நீங்க போக வேண்டியிருக்காதுங்க."

மேலே ஒரு விமானம் விளக்குகளோடு தாழ்ந்து இறங்கியது. அவள் கை தானாக அவன் சட்டைக்குப் போயிருந்தது. இந்த முறை அவன் விழித்திருந்தான். அந்தக் கையைக் குனிந்து பார்த்தான். அவள் அதை எடுக்கவில்லை.

"பாய் வந்து பேசலைன்னா சொல்லியிருப்பனான்னு எனக்கே தெரியலீங்க" என்றாள். "அப்படித் திருட்டுத்தனமா உங்கள நிறுத்த நெனச்சதுக்கு, வாக்கை ஒடைக்கறது எவ்வளவோ மேலுங்க. எங்கப்பா மில்லு களத்துல நீங்க என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. நான் சரின்னு சொன்னேன். நாலு வருசம் வாயத் தொறக்கலை."

"பிரியா..."

"இப்ப தொறக்கறனுங்க. பம்பு போகட்டும். அந்த ஊருக்குத் தண்ணி போகட்டும். நீங்க போகாதீங்க."